ஊமைக் கணினியும் அண்ணன் ஏற்றுக்கொண்ட குற்றமும்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்களும், இன்று அதன் நிர்வாகத்தைப் பொறுப்பேற்று நடத்துபவர்களுமாகிய தாங்கள் இதனைப் பொறுமையுடன் வாசிக்கும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அதன்பின் கைக்குக் கிடைத்த பழைய பத்திரிகைகளையும் பொட்டலம் கட்டி வந்த தாள்களையும் வாசித்து என் எழுத்தை நானே செப்பனிட்டுக்கொண்டேன். ஆகையால் வாக்கியங்களில் எங்கேனும் கரடு தென்பட்டால் பொறுத்தருள்க. கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்க முடியாத வயது எனக்கு வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும். சிலவற்றை இப்போது எழுதாவிடில் பின்னர் எழுத ஆள் இராது.

தொண்ணூறுகள் முடிந்து இரண்டாயிரம் பிறந்திருந்த காலம். எனக்குப் பதின்மூன்று வயது, அண்ணனுக்குப் பதினேழு. எங்களுக்குக் கீழே நடக்கத் தொடங்கியிருந்த ஒரு தம்பி. ஹட்டனுக்கும் கினிகத்தேனைக்கும் இடையில் பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலை நடுவே இரண்டு மைல்கட்டை தூரம் ஏறினால் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம் வரும். அதற்கு மேலே பிள்ளைக்காம்பரா. வேலைக்குப் போகும் தாய்மார் தம் குழந்தைகளை அங்கேதான் விட்டுச் செல்வார்கள். அந்தக் கட்டடத்தின் மறுபாதி அறையே வாசிகசாலை. இடையில் ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் நாங்கள் படித்தால் அந்தப் பக்கம் குழந்தைகள் அழும். அந்தப் பக்கம் சத்துமாக் கஞ்சி காய்ச்சினால் இந்தப் பக்கம் எங்களுக்குப் பசிக்கும்.

அந்த அறைக்குத்தான் கணினி வந்தது. கொழும்பில் ஏதோவொரு அலுவலகம் கழித்த பெட்டி. நல்ல மனமுடைய சிலர் அதனை வாங்கி, ஒரு பழைய மெத்தைக்குள் சுற்றி வேனில் அனுப்பியிருந்தார்கள். பழுத்த பல்லின் நிறம். இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்றின் துணி கிழிந்திருந்தது. அதன் ஓட்டைக்குள் விரலை விட்டால் காகிதம் போன்ற ஒரு கூம்பு தட்டுப்படும். நான் விட்டுப் பார்த்திருக்கிறேன், எனவே அறிவேன்.

சனிக்கிழமை தோறும் ஹட்டனிலிருந்து மாஸ்டர் வருவார். யாழ்ப்பாணத்தவர். அரச பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்தவர். எங்களுக்கு அவர் வந்தது கூலிக்கல்ல, தம் விருப்பத்துக்கு. குடையை மடக்கி வாசலில் உதறி, சப்பாத்தைத் துடைத்து, அதன்பின்னரே உள்ளே வருவார். வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். அண்ணனும் நானும் அதில் அடக்கம்.

வகுப்பு கணினிப் பாடம் மட்டுமன்று, ஆங்கிலப் பாடமும் கூட. பெட்டியோடு வந்த ஒரு சீடியில் ஓர் அம்மையார் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி, நாங்கள் திருப்பிச் சொல்வதற்காகச் சிறிது நேரம் பேசாதிருப்பார். ஆண்டின் முடிவில் ஹட்டனில் நடக்கும் பரீட்சையிலும் கேட்டு விடை எழுதும் பகுதி இருந்தது. ஆகவே கணினியில் ஒலி வராவிட்டால் எங்களுக்கு அது வெறும் பெட்டி.

பெட்டி கண் விழிக்கும்போது ஒரு சிறு இசை எழும் அல்லவா? அதனைக் கேட்டதும் பலகைச் சுவருக்கு அப்பால் அழுதுகொண்டிருக்கும் குழந்தைகள் ஒரு கணம் வாயை மூடும். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்ட ஆயம்மா இடுப்பில் ஒரு குழந்தையோடு எங்கள் வாசலுக்கு வந்து நிற்பார்.

"பாடிருச்சா? அப்ப சொகமாத்தான் இருக்கு" என்பார். லயத்தில் எல்லாருக்கும் அதுதான் அளவுகோல். பாடினால் சுகம், பாடாவிட்டால் சீக்கு.

ஆனி மாத மழை இறங்கிய முதல் வாரத்தில் அது பாடவில்லை.

திரையில் எல்லாம் இருந்தது. எலி நகர்ந்தது. எழுத்து வந்தது. ஒலி மட்டும் இல்லை. மூலையில் வழமையாக நிற்கும் ஒலிபெருக்கிப் படமும் இல்லை. மாஸ்டர் ஒன்றன்பின் ஒன்றாகச் சில சன்னல்களைத் திறந்து பார்த்துவிட்டு, "டிரைவர் ஏறேல்லை" என்றார்.

டிரைவர் என்பது கணினிக்கும் அதன் உள்ளே ஒலியை உண்டாக்கும் அட்டைக்கும் நடுவே நின்று பேச்சை எடுத்துச் சொல்லும் ஒரு சிறு மென்பொருள் என்றும், பெட்டி தொடங்கும்போது அதுவும் தானாக ஏற வேண்டும் என்றும் அவர் எங்களுக்கு விளக்கினார். வாசலில் நின்ற ஆயம்மாவுக்கு அந்த விளக்கம் போதவில்லை.

"டிரைவர் வரலைங்களா சேர்? நம்ம கொழுந்து லொறி டிரைவரும் இப்புடித்தான், மழை பேஞ்சா வர்றதில்ல."

நாங்கள் சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார். பையிலிருந்து வேறொரு சீடியை எடுத்துப் போட்டார். நீலப் பட்டை ஒன்று திரையில் மெல்ல மெல்ல நிறைந்தது. அது நிறையக் கால் மணி நேரத்துக்கு மேல் சென்றது. முடிவில் பெட்டியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கும்படி அதுவே கேட்டது. அவ்வாறே செய்தார். இசை எழுந்தது. குழந்தைகள் வாயை மூடின.

அடுத்த சனிக்கிழமையும் ஊமை. மீண்டும் அதே சீடி, அதே நீலப் பட்டை, அதே நிறுத்தித் தொடங்கல். மீண்டும் பாடியது. அதற்கடுத்த சனியும் அப்படியே. நான்காம் சனியில் மாஸ்டர் சிரிக்கவில்லை.

அவர் நினைத்ததில் பிழை காண்பது இப்போது எளிது. அன்று எங்களில் எவருக்கும் அது தெரியவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தாம் போட்டுவிட்டுப் போகிறார், வேலை செய்கிறது. வாரம் கழித்து வருகிறார், இல்லை. மறுபடி போட்டால் மறுபடி வேலை செய்கிறது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லையென்றால் எடுத்தவன் ஒருவன் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கணிதம் படிப்பித்தவர் அல்லவா.

"ஒவ்வொரு சனியும் நான் போட்டிட்டுப் போறன். அடுத்த சனி வந்து பார்த்தா இல்லை. அதுக்கென்ன காலும் கையும் முளைச்சு நடந்து போச்சுதோ?" என்று கேட்டார். "ஆரோ கிழமை நாளில பூந்து அழிக்கிறியள். ஆரெண்டு சொன்னா நான் ஒண்டும் செய்யன். சொல்லாட்டி வாற சனி நான் வரமாட்டன். இந்தப் பெட்டியையும் ஹட்டனுக்கு எடுக்கச் சொல்லிப்போடுவன்."

அவர் எவரையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. ஆயினும் எல்லாருடைய கண்ணும் அண்ணன் பக்கம் திரும்பியது. அதற்குக் காரணம் இருந்தது. வாசிகசாலையின் செயலாளர் எங்கள் அப்பா. அதன் கதவுத் திறப்பு எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். கணினி வந்த இரண்டாம் வாரம் அண்ணன் அத்திறப்பை எடுத்துப்போய், கூட்டாளிகள் இருவரோடு சினிமாப் பாட்டுச் சீடி ஒன்றைப் போட்டுக் கேட்டுப் பிடிபட்டிருந்தான். அது ஒரேயொரு நாள். பாட்டு கேட்டதன்றி வேறெதுவும் செய்யவில்லை. இருந்தும் ஒருமுறை பிடிபட்டவனே எல்லா முறையும் பிடிபட்டவன் ஆகிவிடுகிறான்.

அன்று மாலை அப்பா அண்ணனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எங்கள் இஸ்தோப்பில், லயத்து அறையின் முன்புறத்தில் போட்ட பெஞ்சில், சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"செஞ்சியா?"

"இல்லப்பா."

"தெறப்பு நம்மகிட்டதான் இருக்கு. வேற எவன் செய்வான்?"

"தெரியாதுப்பா. நான் செய்யல."

"சேரு பொய் சொல்லுவாரா?"

மாஸ்டர் பொய் சொல்லவில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

மறுநாள் ஞாயிறு வாசிகசாலைக் கூட்டம். பெரியவர்கள் வாங்குகளில் இருந்தார்கள். நாங்கள் சுவரோரம் நின்றோம். அப்பா கூட்ட அறிக்கைப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். கணினியைத் திருப்பிக் கொடுப்பதா என்ற பேச்சு வந்தபோது அண்ணன் முன்னால் வந்தான்.

"நாந்தாங்க அழிச்சேன்" என்றான். "சும்மா வெளையாட்டுக்கு. இனிமே செய்ய மாட்டேன். பெட்டி இங்கேயே இருக்கட்டுங்க."

பின்னர் ஒருவர், "சரி, ஒத்துக்கிட்டான்ல, எழுதுங்க" என்றார். அப்பா எழுதினார். அவர் எழுதியதை நான் பின்னர் பலமுறை வாசித்திருக்கிறேன்: "செயலாளரின் மூத்த மகன், கணினியின் ஒலிக்குரிய டிரைவரை வேண்டுமென்றே அழித்தமையை ஒப்புக்கொண்டார். அவர் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டார். திறப்பு ஆயம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது." அறிக்கையில் எவரையும் மரியாதையாகவே எழுத வேண்டுமென்பது அப்பாவின் வழக்கம். தம் மகனையும் 'அவர்' என்றே எழுதி, அடியில் கையெழுத்திட்டார்.

அந்தப் புதன்கிழமையே அண்ணன் கொழும்புக்கு அனுப்பப்பட்டான். தெரிந்த ஒருவரின் இரும்புக் கடையில் ஆள் கேட்டிருந்தார்கள். அப்பா அதுவரை சாக்குச் சொல்லி வந்தார். இப்போது சொல்லவில்லை. பஸ்ஸுக்கு இறங்கும் பாதையில் அவனுடைய பையை நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனேன்.

"நீ செய்யலதானே?" என்று கேட்டேன்.

"செய்யல."

"அப்பறம் ஏன் ஒத்துக்கிட்ட?"

"பின்ன? ஒருத்தனாவது ஒத்துக்காட்டி பெட்டியத் தூக்கிருவாரு. எனக்கு அந்த வெள்ளக்காரி பேசுறது ஒரு எழவும் வெளங்கல. நீதான் கிளிப்புள்ள மாதிரி சொல்லுற." பிறகு சற்றுத் தூரம் நடந்துவிட்டுக் கேட்டான்: "இந்தச் சனி கிளாஸ் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப சரி."

பஸ் வந்தது. ஏறினான். பையின் பிடி என் கையில் அறுந்து வந்துவிட்டது. அதை என்ன செய்தேன் என்று நினைவில்லை.

சனிக்கிழமை வந்தது. மாஸ்டர் குடையை உதறி உள்ளே வந்து, ஆயம்மா திறந்துவிட்ட அறையில், பெட்டியின் பொத்தானை அழுத்தினார். விசிறி சுழன்றது. திரை ஒளிர்ந்தது. இசை வரவில்லை.

நாங்கள் பத்துப் பேரும் திரையைப் பார்த்தோம். மாஸ்டரைப் பார்க்கவில்லை. அவருடைய கை பைக்குள் சென்று சீடியின் மேல் நின்றுவிட்டது என்பதை நான் ஓரக்கண்ணால் கண்டேன். திறப்பு இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அண்ணன் எங்கள் மலையிலேயே இல்லை. இதனை அங்கிருந்த அனைவரும் அறிவோம். வாசலில் நின்ற ஆயம்மாதான் வாயைத் திறந்தார்.

"என்னாங்க சேர், அவென் கொழும்புல இருந்துக்கிட்டே அழிச்சுப்புட்டானா?"

"நீங்கள் போய்க் குழந்தையளைப் பாருங்கோ ஆயம்மா" என்றார் மாஸ்டர். காது சிவந்திருந்தது. பின் சீடியைப் போட்டார். நீலப் பட்டை நிறைந்தது. பெட்டியை நிறுத்தித் தொடங்கினார். பாடியது. அன்றைய பாடம் நடந்தது. அண்ணனைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர், "அத சேரு சொல்லட்டும்" என்றார்.

பெரியவர்கள் தம் பிழையைக் கண்டவுடன் திருத்திவிடுவார்கள் என்று அதுவரை நான் நம்பியிருந்தேன். பிழை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, அதற்குப் பதிலாக வேறொரு விளக்கம் கையில் இருந்தால்தான் அவர்கள் அதனைக் கீழே வைப்பார்கள் என்பதை அன்று அறிந்தேன். என்னிடமும் விளக்கம் இல்லை. அது எனக்குக் கிடைத்தது கணினியிடமிருந்து அல்ல, பெரட்டுக் களத்திலிருந்து.

பெரட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பிற்காலத்தில் வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் அது. கணக்கப்பிள்ளை புத்தகத்தை விரித்துப் பெயர்களை வாசிப்பார். பெயர் வாசிக்கும்போது குரல் கொடுத்தவருக்கு அன்று வேலை. கொடாதவர், அடுத்த நிமிடமே கூடையோடு வந்து முன்னால் நின்றாலும், அன்றைக்கு இல்லாதவர்தான்.

அண்ணன் இருந்தவரை தம்பியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிள்ளைக்காம்பராவில் விடுவது அவன் வேலை. அவன் போனபின் அதுவும் அம்மாவின் தலையில் விழுந்தது. அதற்கடுத்த திங்களன்று மழை. தம்பி இறங்க மாட்டேனென்று அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பிய்த்துவிட்டு அம்மா ஓடினாள். நான் பள்ளிக்குப் போகும் வழியில் பின்னாலேயே போனேன். நனைந்த கம்பளி தோளில், இடுப்பில் சேலைமேல் கட்டும் படங்குச் சாக்கு பாதி அவிழ்ந்தபடி, மூச்சிரைக்கக் களத்தில் போய் நின்றாள்.

"வந்துட்டேங்க, வந்துட்டேங்க."

கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டிருந்தார். "ஒம் பேரு தாண்டிருச்சு. நாளைக்கு வா."

"இந்தா நிக்கிறேனுங்களே! கண்ணு முன்னாடி நிக்கிறேனே!"

"கூப்புட்டப்ப நின்னியா? அவ்வளவுதான்."

அம்மா திரும்பித் தம்பியை எடுக்க மேலே வந்தாள். நானும் பள்ளிக்குப் போகாமல் கூடவே வந்தேன். ஆயம்மா விவரம் கேட்டுவிட்டுக் கணக்கப்பிள்ளையை ஏசினார்.

"இன்னொருக்கா அந்தப் பேர வாசிச்சா என்னாவாம்? வாயி வலிக்குதா அந்த ஆளுக்கு? கொழுந்து கூடுன நாள்ல மட்டும் ரெண்டாந் தடவ வாசிக்கத் தெரியுதுல்ல!"

அது உண்மை. கொழுந்து மிகுந்து ஆள் போதாத நாட்களில் அவர் புத்தகத்தை மீண்டும் விரித்து ஒருமுறை வாசிப்பார். பிந்தி வந்தவர்கள் அந்த இரண்டாம் வாசிப்பில் குரல் கொடுத்து வேலைக்குப் போய்விடுவார்கள்.

நான் பலகைச் சுவரைப் பார்த்தபடி நின்றேன். அதற்கு அப்பால் கணினி. மாஸ்டர் ஒவ்வொரு சனியும் செய்தவை இரண்டு. ஒன்று, சீடியைப் போட்டார். மற்றொன்று, பெட்டியை நிறுத்தித் தொடங்கினார். இரண்டையும் எப்போதும் சேர்த்தே செய்தார். அதனால் பெட்டியைப் பேச வைத்தது எது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. டிரைவர் எங்கும் போகவில்லை என்றால்? பெட்டி தொடங்கும்போது தன் உள்ளே இருப்பவர்களைப் பெயர் வாசிக்கிறது. ஒலி அட்டை மழைக் குளிரில் பிந்தி விழிக்கிறது. பெயர் தாண்டிவிடுகிறது. நீலப் பட்டை நிறையும் நேரத்தில் பெட்டி சூடேறி அதுவும் விழித்துக்கொள்கிறது. நிறுத்தித் தொடங்குவது இரண்டாம் வாசிப்பு.

"ஆயம்மா, தெறப்பத் தாங்களேன்" என்றேன்.

"எதுக்கு? ஒங்கண்ணன் போனது பத்தலையா?"

"நீங்களும் கூட நில்லுங்க. நான் எதையும் அழிக்கலன்னு நீங்களே பாருங்க."

அவர் யோசித்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா நனைந்த தலையைத் துவட்டியபடி, "குடுங்க அக்கா" என்றாள்.

மூவரும் உள்ளே போனோம். பொத்தானை அழுத்தினேன். ஊமை. எதையும் தொடாமல் விட்டேன். ஆயம்மா கஞ்சிப் பானையை இறக்கிக் குழந்தைகளுக்கு ஊட்டி முடிக்கும்வரை பெட்டி சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் கை வைத்தால் இளஞ்சூடு தெரிந்தது. பிறகு சீடி எதுவும் போடாமல், மாஸ்டர் காட்டித்தந்த முறைப்படி நிறுத்தித் தொடங்கினேன்.

பாடியது.

ஆயம்மா கையிலிருந்த அகப்பையோடு ஓடி வந்தார். "அடி ஆத்தி! ஊமையாட்டம் கெடந்துச்சு, இப்ப வாயத் தொறந்துருச்சே! என்னாத்தடி போட்ட?"

"ஒண்ணும் போடல ஆயம்மா."

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று அவளுக்கு வேலை இல்லை அல்லவா.

செவ்வாய், வியாழன், வெள்ளி என மேலும் மூன்று நாட்கள் ஆயம்மாவின் முன்னிலையில் அதனையே செய்தேன். அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதி வைத்தேன். மழை, முதல் தொடக்கம் ஊமை, இரண்டாம் தொடக்கம் பாட்டு. மழை, ஊமை, பாட்டு. வெள்ளியன்று காலையிலேயே நல்ல வெயில். முதல் தொடக்கத்திலேயே பாடிவிட்டது. அந்த வரி எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட மகிழ்ச்சி தந்தது.

சனியன்று மாஸ்டர் பெட்டியைத் தொடங்கினார். மழை நாள், ஊமை. கை பைக்குள் சென்றது. நான் எழுந்து நின்றேன்.

"சேர், சீடி போடாம சும்மா நிப்பாட்டித் தொடங்கிப் பாப்போமா? ஆனா கொஞ்சம் சூடேறட்டும் சேர்."

"அதால என்ன வரப்போகுது பிள்ளை? டிரைவர் இல்லையெண்டு தெரியுதுதானே."

"இருக்கு சேர். பேரு தாண்டிருச்சு. அவ்வளவுதான்."

அவருக்கு அது விளங்கவில்லை. கொப்பியை நீட்டினேன். வாங்கி, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி, வரி வரியாக வாசித்தார். ஒரு தரம் வாசித்துவிட்டு மறுபடியும் முதல் வரிக்குப் போனார். பின் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்து, கால் மணி நேரம் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். நிறுத்தித் தொடங்கினார்.

இசை எழுந்தது. பலகைச் சுவருக்கு அப்பால் குழந்தைகள் வாயை மூடின.

மாஸ்டர் பெட்டியை அணைத்து, மின் கம்பியைப் பிடுங்கி, பக்கத் தகட்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒலி அட்டையைப் பிடித்து மெல்ல அசைத்து வெளியே எடுத்தார். பொருந்தும் விளிம்பில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள். அவை பொன்னிறமாக இல்லை. புகை படிந்த கண்ணாடிபோல் மங்கி, ஓரிரு இடங்களில் பச்சையாகவும் இருந்தன.

"ஈரம்" என்றார். "பனியும் மழையும் இதில போய்ப் பிடிச்சிருக்கு. குளிரேக்க தொடுகை கிடைக்காது. சூடேறினாத்தான் கிடைக்கும். ஆரிட்டையும் அழிறப்பர் இருக்கோ?"

என்னுடையதைக் கொடுத்தேன். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக இருந்த அழிறப்பர். அவர் அதனால் ஒவ்வொரு பல்லையும் தேய்த்தார். கறுப்புத் துகள் உதிர்ந்தது. ஊதினார். மீண்டும் தேய்த்தார். எங்கள் பிழைகளை அழிப்பதற்கு வைத்திருந்த அந்தச் சாமானால் இதுவும் செய்யலாம் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அட்டையைத் திரும்ப அழுத்திப் பொருத்திப் பெட்டியைத் தொடங்கினார். முதல் தொடக்கத்திலேயே பாடியது. அடுத்த சனி மழையிலும் பாடியது. அந்த ஆண்டு முழுவதும், நானறிய, ஒருமுறையும் பிந்தவில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் பஸ்ஸுக்கு இறங்காமல் எங்கள் லயத்துக்கு வந்தார். அப்பா பதறி எழுந்து பெஞ்சைத் துடைத்தார். மாஸ்டர் உட்காரவில்லை.

"உங்கட மகனில பிழையில்லை. பிழை என்னில. ஈரத்தால வந்த குறை. நான் விளங்கிக்கொள்ளேல்லை. அவனைக் கூப்பிடுங்கோ."

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இருக்கட்டுங்க சேர். மொதலாளி நல்ல மாதிரியாம். எடையெல்லாம் பாக்கப் பழகிட்டானாம். இப்பப் போயி எப்புடிக் கூப்புடுறது?" சற்று நிறுத்தி, "ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கலைங்க. செய்யாதவன் ஏன் ஒத்துக்கிட்டான்?" என்று கேட்டார்.

மாஸ்டருக்கு அது தெரியாது. எனக்கு விடை தெரியும். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், சொல்லவில்லை. சொன்னால் எனக்காகத்தான் அவன் போனான் என்று ஆகும். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, அந்தச் சுமையை எல்லார் முன்பும் தூக்க எனக்குத் துணிவில்லை. பெரியவர்களின் பிழைகளை இதுவரை எழுதிய நான் இதனையும் எழுதியாக வேண்டும்.

தீபாவளிக்கு அண்ணன் வந்தான். அப்பாவுக்கு ஒரு சாரம், அம்மாவுக்குச் சேலை, தம்பிக்குச் சாவி கொடுத்தால் ஓடும் தவளை, எனக்கு ஒரு பேனா. உள்ளங்கை தடித்து, துரு ஏறிப் பழுப்பாக இருந்தது. அவனை வாசிகசாலைக்கு அழைத்துப் போய்ப் பெட்டியைப் பாட வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். நன்றாகச் சிரித்தான்.

"அட, சளி புடிச்சு கெடந்துருக்கு! நான்ல மாட்டிக்கிட்டேன்."

பிறகு கூட்ட அறிக்கைப் புத்தகம் இருந்த அலுமாரியைக் காட்டினான். "அப்பா பொஸ்தகத்துல எழுதுனாருல்ல. அத வெட்டிட்டாங்களா?"

"இல்ல."

"கேட்டியா?"

கேட்டிருந்தேன். கூட்டத்தில் ஏற்றுக் கையெழுத்திட்ட அறிக்கையில் ஓர் எழுத்தையும் பின்னர் வெட்டக்கூடாது என்றும், வெட்டினால் அந்தப் புத்தகத்தில் உள்ள எதையும் எவரும் நம்பமாட்டார்கள் என்றும் அப்பா சொல்லியிருந்தார். அதனை அண்ணனிடம் சொன்னேன்.

"சரிதான்" என்றான். பின்பு, "வா, அம்மா சோறு போட்டுருக்கும்" என்றான்.

மூன்றாம் நாள் பஸ் ஏறினான். இரும்புக் கடையிலேயே நிலைத்துவிட்டான். இன்று அதே தெருவில் குடும்பத்தோடு இருக்கிறான். குறையொன்றும் இல்லை என்பான். நான் ஆண்டு முடிவில் பரீட்சையில் சித்தியடைந்தேன். அந்தச் சான்றிதழைக் கொண்டுதான் பின்னாளில் கினிகத்தேனையில் ஒரு தட்டச்சுக் கடையில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. மாஸ்டர் இடம் மாறிப் போனார். ஆயம்மாவும் அப்பாவும் காலமானார்கள். அப்பா உள்ளவரை செய்யாதவன் ஏன் ஒத்துக்கொண்டான் என்ற கேள்விக்கு நான் விடை சொல்லவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அவர் கேட்கவில்லை. என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி அது என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

சென்ற மாதம் வாசிகசாலைக்கு வந்தபோது அந்தக் கூட்ட அறிக்கைப் புத்தகம் இன்னும் அலுமாரியில் இருக்கக் கண்டேன். கரையான் ஓரத்தை அரித்திருந்தது. அப்பாவின் கையெழுத்தை அரிக்கவில்லை. பிற்காலத்தில் ஒருவர் அதனைப் புரட்டினால், செயலாளரின் மூத்த மகன் கணினியைக் கெடுத்தார் என்று வாசிப்பார். பின்வந்த பக்கங்களில் அதனைத் திருத்தும் வரி ஒன்றும் இல்லாததால் அவருக்கு வேறெதுவும் தெரிய வழியில்லை.

ஆகவே தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அப்பா எழுதியதை வெட்ட வேண்டாம். அவர் சொன்னது சரி. நான் எழுதிய இந்தத் தாள்களை மட்டும் அந்தப் பக்கத்தை ஒட்டி, இரண்டும் ஒன்றாகவே திறக்கும்படி, சேர்த்துத் தைத்து வைத்திருங்கள்.